ஊசி எடுக்காத வெள்ளிக்கிழமை

ஜார்ஜ்டவுன்
16 மார்ச் 1998

லாம்பெர்ட்,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரலை. கோபமா இருக்கேன், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. முப்பத்தோரு பேர் வரிசையா ஊசி போட்டுட்டுப் போனாங்க. நீ தட்டு முன்னால வந்து நின்னே. கையைக் கழுவினே, குப்பியில இருந்ததைப் படிச்சே, நோயாளி பேரைக் கேட்டே, எல்லாம் அம்சமா செஞ்சே. ஊசியை எடுன்னதும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டே. மூணு தடவை சொன்னாங்களாம். "முடியாது மேடம்"னு ஒரே பதில். சனிக்கிழமை விடியறதுக்குள்ள லாரி ஏறி உங்க ஊரைப் பார்க்கப் போயிட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. உன் வெள்ளை ஷூ இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு.

உனக்கு ஊசி புதுசா? ஊர்ல ஆறு வருஷம் சுகாதாரப் பணியாளரா இருந்துட்டு வந்தவன். வார்டுல ஆம்பளைங்கல்லாம் "அந்த மக்குஷி இனத்துப் பையன் வரட்டும், அவன் போட்டா வலிக்காது"ன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. நீயா ஊசியைப் பார்த்து மிரண்டே? யார்கிட்டப்பா கதை சொல்றே.

உள்பகுதியில இருந்து வர்ற பழங்குடிப் பிள்ளைங்க நர்சிங்கைப் பாதியில விட்டுட்டு ஓடாம பார்த்துக்கத்தான் என்னை இந்த நாற்காலியில உட்கார வெச்சிருக்காங்க. ஆறு பேர் வந்தீங்க. ரெண்டு பொண்ணுங்க போன வருஷமே போயாச்சு. மூணாவது நீ. உன்னை நம்பித்தான் நான் எல்லார் முன்னாலயும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன். நல்லா கரி பூசிட்டே.

வியாழக்கிழமை கமிட்டி கூடிச்சு. நானும் இருந்தேன். அறிக்கை மே எட்டாம் தேதிதான் அமைச்சகத்துக்குப் போகும். அதுக்குள்ள உன் கைப்பட ஒரு காரணம் எழுதி அனுப்பினா மறுதேர்வு கேட்டுப் பார்க்கலாம். இல்லைன்னா பேரை அடிச்சிருவாங்க. அடிச்சா அடிச்சதுதான், இந்த நாட்டுல வேற எங்கேயும் உன்னை நர்ஸுக்குச் சேர்க்க மாட்டாங்க.

லெத்தம் போற விமானத்துல பைலட் கையில இதைக் கொடுத்து விடறேன். மழுப்பாம பதில் எழுது.

இனெஸ் அட்கின்சன்


மராப்பாய் கிராமம், ருப்புனுனி
28 மார்ச் 1998

மதிப்புக்குரிய சிஸ்டர் அட்கின்சன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சொல்லாமல் வந்தது தவறு. மன்னிக்கவும்.

தேர்வு அன்று எனக்குக் கடுமையான காய்ச்சல் இருந்தது. கை நடுங்கியது. நடுங்கும் கையால் ஒருவருக்கு ஊசி போடக்கூடாது என்று நீங்கள்தான் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்தீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை. மேலும் வீட்டில் என் அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் வந்துவிட்டேன்.

தாங்கள் அறிந்தபடி எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். மரவள்ளித் தோட்டத்தில் வேலை நிறைய இருக்கிறது. படிப்பு எனக்குச் சரிப்பட்டு வராது என்று நினைக்கிறேன். ஷூவை மற்ற பையன்களில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒன்பதாம் நம்பர்.

தங்கள் உண்மையுள்ள,
லாம்பெர்ட் இக்னேஸ்


ஜார்ஜ்டவுன்
3 ஏப்ரல் 1998

லாம்பெர்ட்,

"தங்கள் உண்மையுள்ள"ன்னு எழுதறதுக்கு முன்னால உண்மை ஒண்ணாவது அந்தக் கடிதத்துல இருக்கான்னு பார்த்திருக்கலாம்.

காய்ச்சல்னு எழுதியிருக்கே. தேர்வுக்குப் போற எல்லாருக்கும் காலையில உடம்புச் சூடு பார்த்து எழுதறோம், மறந்துட்டியா? முப்பத்தாறு புள்ளி எட்டு. உன் பேருக்கு நேரா உன் கையெழுத்தே இருக்கு. உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். லெத்தம் ஆஸ்பத்திரி ரேடியோவுல கேட்டேன். உங்கம்மா போன வாரம் கால்நடையா வந்து கூடை வித்துட்டுப் போனாங்களாம். காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு இருக்கு.

படிப்பு சரிப்பட்டு வரலையா? வகுப்புல மூணாவதா வந்தவனுக்கு?

நீ சொல்லலைன்னா இங்க உள்ளவங்க அவங்களா ஒண்ணைச் சொல்லிக்கிறாங்க. "காட்டுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தாங்காது, கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு"ன்னு ஆஸ்டல் சமையல்காரி வரைக்கும் பேசறாங்க. அடுத்த வருஷம் உள்பகுதிக்கு ஆறு இடம் தர்றதா ரெண்டு இடம் தர்றதான்னு இப்பவே பேச்சு. உன் வாயில கொழுக்கட்டை இருக்கற வரைக்கும் நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?

கமிட்டியில என்னையும் கேட்டாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன்.

காரணம் எதுவா இருந்தாலும் எழுது. நான் யார்கிட்டயும் சொல்லிச் சிரிக்க மாட்டேன்.

இனெஸ் அட்கின்சன்


மராப்பாய்
12 ஏப்ரல் 1998, ஈஸ்டர் ஞாயிறு

சிஸ்டர்,

ஊரே மாடு அடக்கற ரோடியோ பார்க்க லெத்தம் போயிருக்கு. நானும் ஜஸ்டீனாவும் குழந்தையும் மட்டும்தான் வீட்ல. யாரும் எட்டிப் பார்க்காத நேரமாச்சேன்னு எழுத உட்கார்ந்தேன். காய்ச்சல் கதைக்கு மன்னிச்சுக்கங்க. எழுதும்போதே எனக்கு அசிங்கமாத்தான் இருந்துச்சு.

குழந்தை புதன்கிழமை பிறந்துச்சு. தேர்வு வெள்ளிக்கிழமை. விஷயம் அவ்வளவுதான், ஆனா அவ்வளவோட விட்டா நீங்க மறுபடி திட்டுவீங்க.

எங்க ஆளுங்க வழக்கம் இது. குழந்தை பிறந்தா தொப்புள்கொடி காய்ஞ்சு விழற வரைக்கும் அப்பன் தாய்க்குப் பக்கத்துலயே பெரியவங்க படுக்கற தூளியைக் கட்டிப் படுத்துக்கணும். மரவள்ளிக் கஞ்சி மட்டும்தான் சாப்பாடு. கத்தி, கோடாலி, அம்பு, ஊசி, எதையும் தொடக்கூடாது. குழந்தை உடம்பும் அப்பன் உடம்பும் இன்னும் பிரியலை, அவன் குத்தறது எல்லாம் குழந்தையைக் குத்தும்னு சொல்வாங்க. அரிச்சா நகத்தால சொறியக்கூடாது, ஈச்சமட்டைக் குச்சியாலதான் சொறியணும். நீங்க சிரிக்க மாட்டேன்னு எழுதினதால இதையும் எழுதறேன்.

இதையெல்லாம் பார்த்து நான்தான் முதல்ல சிரிச்சவன். சுகாதாரப் பணியாளர்னு சட்டைப் பையில பேனா குத்திக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல, தூளியில படுத்திருக்கறவங்க கிட்டப் போய், "எழுந்திரு மச்சான், பிள்ளை பெத்தது உன் பொண்டாட்டி, உனக்கு எதுக்குப் பத்தியம்"னு கிண்டல் பண்ணுவேன்.

94-ல எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மூணாம் நாள் தட்டம்மைத் தடுப்பூசி ஐஸ் பெட்டியில வந்து சேர்ந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள ஐஸ் கரைஞ்சிரும். நாற்பத்து மூணு பிள்ளைங்களுக்கு நானே போட்டேன். எட்டாம் நாள் என் பையன் வாயைத் திறக்க முடியாம விறைச்சுப் போனான். பத்தாம் நாள் போயிட்டான். ஊர்ல யாரும் என் முகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்லலை. ஜஸ்டீனா இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. சொல்லியிருந்தா பரவாயில்லைன்னு தோணும்.

ரெண்டாம் வருஷப் பாடத்துல பிறந்த குழந்தைக்கு வர்ற வில்வாதம் பத்தி நடத்தினீங்க. கொடியை அழுக்குக் கத்தியால வெட்டினா கிருமி ஏறி, வாய் கட்டி, ஒரு வாரம் பத்து நாள்ல உயிர் போகும்னு நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டே இருந்தேன். அந்தப் பரீட்சையில எனக்குப் பத்துக்குப் பத்து. எங்க வீட்ல அன்னிக்குக் கொடியை வெட்டினது மரவள்ளி உரிக்கற கத்தி. வெட்டினவங்க என் மாமியார். அவங்ககிட்ட நான் இதைச் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அந்தப் பிள்ளைக்காக இன்னும் அழற மனுஷி அவங்க.

இந்தத் தடவை ஜஸ்டீனாவுக்கு ரெண்டு வில்வாதத் தடுப்பூசியும் போட வெச்சேன். புது பிளேடு, கொதிக்க வெச்ச நூல், எல்லாம் கட்டிக் கொடுத்துட்டுத்தான் லீவு முடிஞ்சு ஜார்ஜ்டவுன் வந்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியலை. ஊசியை எடுன்னு சொன்னதும் அந்த நாற்பத்து மூணு பிள்ளைங்க சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வரிசையா நின்ன மாதிரி இருந்துச்சு. கை வரலை.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்றது? ஆஸ்டல்ல முதல் வருஷமே "நீங்கல்லாம் பொண்டாட்டி பெத்தா நீங்க படுத்துக்குவீங்களாமே"ன்னு ஒருத்தன் கேட்டு, மெஸ்ஸே குலுங்கிச்சு. நானும், "அது எங்க தாத்தா காலம்"னு சொல்லிட்டேன். அப்படிச் சொன்ன வாயால எப்படி மாத்திச் சொல்றது. படிச்சவங்களும் சிரிப்பாங்க, ஊர்லயும் சிரிப்பாங்க. இங்க வந்து நாலு நாள் தூளியில படுத்திருந்தேன், கொடி விழற வரைக்கும். நான் முன்னால கிண்டல் பண்ணின ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து, "என்ன டாக்டரே, உடம்பு எப்படி இருக்கு"ன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. எனக்கு அது வேணும்தான்.

ஒண்ணு கேட்கணும். ரேடியோவுல வந்த செய்தியை வியாழக்கிழமை சாயங்காலம் நீங்கதான் சீட்டுல எழுதிக்கிட்டு வந்து கொடுத்தீங்க. "பெண் குழந்தை, இருவரும் நலம்." கொடுத்துட்டு என் கையைப் பார்த்தீங்க. "நாளைக்கு ஊசித் தேர்வு, இல்ல?"ன்னு கேட்டீங்க. ஆமான்னேன். கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டீங்க. நீங்க அட்கின்சன் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவங்க, பிறந்தது மொருக்காவுல, டோரெஸ் வீட்டுப் பொண்ணுன்னு அங்கேயிருந்து வந்த ஒரு பிள்ளை முன்னாடியே சொல்லியிருக்கு. நீங்களும் எங்களை மாதிரி ஆளுதான். உங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும், கமிட்டியில நீங்களா சொல்லிருவீங்கன்னு நினைச்சுத்தான் நான் தைரியமா லாரி ஏறினேன். மொருக்காவுல இந்த வழக்கம் இல்லைன்னா தப்பா எடுத்துக்காதீங்க.

லாம்பெர்ட்


ஜார்ஜ்டவுன்
20 ஏப்ரல் 1998

லாம்பெர்ட்,

உன் கடிதம் வந்து மூணு நாளாச்சு. இது நான் எழுதற நாலாவது தாள். முதல் மூணையும் கிழிச்சுட்டேன், அதுல எல்லாம் என்னைக் காப்பாத்திக்கற மாதிரி எழுதியிருந்தேன்.

மொருக்காவுல அந்த வழக்கம் இருந்துச்சு.

எனக்கு ஏழு வயசு. தம்பி பிறந்திருந்தான். எங்கப்பா தூளியில படுத்திருந்தாரு, நான்தான் கஞ்சி கொண்டு போய்க் கொடுப்பேன். அந்த நேரம் பார்த்து மிஷன் பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வந்தாங்க. எட்டிப் பார்த்துட்டு, "பெத்தவ அடுப்படியில நிக்கிறா, பெறாதவரு படுக்கையில கிடக்காரு"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. மறுநாள் வகுப்பு பூரா என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. அன்னிக்கு எங்கப்பா மேல எனக்கு வந்த வெறுப்பு இருக்கே, அவரு சாகற வரைக்கும் போகலை. படிச்சேன், ஊரை விட்டு வந்தேன், அட்கின்சனைக் கட்டிக்கிட்டேன். எந்த ஆளுங்கன்னு யாராவது கேட்டா, "கலப்பு"ன்னு சொல்லி வாயை மூடிருவேன். உன்கிட்டயும் அப்படித்தானே இருந்தேன்.

வியாழக்கிழமை சீட்டைக் கொடுத்தப்பவே எனக்குத் தெரியும். நாளைக்கு இவன் ஊசி எடுக்க மாட்டான்னு வாசல்ல நிக்கும்போதே தெரியும். தேர்வை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதினா போதும். ஏன்னு கேட்பாங்களே. கேட்டா எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லணுமே. ஒருவேளை எடுத்திருவான், படிச்ச பையன்தானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.

இனி எழுதப்போறதை எழுத எனக்கு உடம்பு கூசுது.

கமிட்டியில நர்சிங் பள்ளி முதல்வர் மிஸஸ் பிராம்ப்டன் என்னைப் பார்த்து, "சிஸ்டர், இவங்க ஊர்ப் பக்கத்து வழக்கம் ஏதாவது காரணமா இருக்குமா?"ன்னு மரியாதையாத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, தேர்வு எடுத்த மிஸ் கோர்பின், "பொண்டாட்டிக்குப் பிரசவம்னு கேள்வி. இவருக்குத்தான் இடுப்பு வலி வந்திருக்கும்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சது நான்தான். சிரிச்சு முடிச்சுட்டு, "எனக்குத் தெரிஞ்சு ஒரு காரணமும் இல்லை, பையனுக்குப் பதட்டம்"னு சொன்னேன். "மன உறுதி போதாது, தொழிலுக்கு ஏற்றவர் அல்ல"ன்னு எழுதின தாள்ல ரெண்டாவது கையெழுத்து என்னோடது.

அது பன்னிரண்டாம் தேதி. நீ கரி பூசிட்டேன்னு நான் உனக்கு எழுதினது பதினாறாம் தேதி. கையெழுத்துப் போட்டுட்டு வந்து உட்கார்ந்து உன்னைத் திட்டியிருக்கேன். உன் காரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டது ஏன்னு இப்பத்தான் எனக்கே விளங்குது. நீயா வேற ஏதாவது பொய் எழுதி அனுப்பிட்டா நான் சிரிச்சது தப்பில்லைன்னு ஆயிரும்னு நினைச்சிருக்கேன்.

அறிக்கை இன்னும் போகலை. மே நாலாம் தேதி கமிட்டி மறுபடி கூடுது. உன் பையனைப் பத்தி, அந்தத் தடுப்பூசி நாளைப் பத்தி நான் அங்க சொல்லட்டுமா? அதைக் கேட்டா கல்லும் கரையும். உன் சம்மதம் இல்லாம சொல்ல மாட்டேன். சீக்கிரம் பதில் போடு.

மன்னிச்சிரு. இதை எழுதற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியலை.

இனெஸ்


மராப்பாய்
27 ஏப்ரல் 1998

சிஸ்டர்,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டு தோட்டத்துக்குப் போயிட்டேன். ரெண்டு நாள் மரவள்ளி பிடுங்கினேன்.

மிஸ் கோர்பின் சிரிச்சா எனக்கு ஒண்ணும் இல்லை. அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நீங்க சிரிச்சிருக்கீங்க. நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான் நான் அந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் படிச்சேன். எங்க ஆளு ஒருத்தங்க மேல உட்கார்ந்திருக்காங்க, நமக்கென்னன்னு மத்த பிள்ளைங்களுக்கும் நான்தான் தைரியம் சொல்வேன். அதை நினைச்சா எனக்கு இப்ப வெட்கமா இருக்கு.

என் பையனைப் பத்தி அந்த மேசையில பேசக்கூடாது. யார் கத்தியால வெட்டினாங்கன்னு அடுத்த கேள்வி வரும். அவங்க எழுதி வெச்சுக்குவாங்க. என் மாமியாரை ஒரு தாள்ல எழுதி அலமாரியில வைக்க நான் விடமாட்டேன். அந்த இடமே எனக்கு வேண்டாம்.

இப்படி எழுதி முடிச்சு ஒட்டப் போனேன். ஜஸ்டீனா என்ன எழுதினேன்னு கேட்டா. ரெண்டு கடிதத்தையும் படிச்சுக் காட்டினேன், உங்களுதையும் என்னுதையும். பால் கொடுத்துக்கிட்டே கேட்டா. கேட்டுட்டு, "அந்தம்மா எதுக்கு நம்ம பிள்ளையைச் சொல்லணும்? அவங்களுக்குன்னு ஒரு அப்பா இருக்காரு இல்ல? அவரைச் சொல்லட்டும்"னா.

நான், "அவங்க சொல்ல மாட்டாங்க, நாற்பது வருஷமா சொல்லாதவங்க"ன்னேன்.

"அப்ப நீ இத்தனை நாளா என்கிட்டச் சொல்லாதது?"ன்னு கேட்டா. கத்தி விஷயத்தை அவ இன்னிக்குத்தான் கேக்கறா, இந்தக் கடிதத்துல. அதை மறந்துட்டு நான் பாட்டுக்கு வாய்விட்டுப் படிச்சிருக்கேன். என்னால தலையை நிமிர்த்த முடியலை. அவ அழலை. "நீ போட்ட ஊசியாலதான்னு நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். உன்கிட்டக் கேட்க பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்தேன்"னு மட்டும் சொல்லிட்டுக் குழந்தையை என் மடியில போட்டுட்டு எழுந்து போயிட்டா. அவங்கம்மா கிட்டச் சொல்லப் போறாளோன்னு குழந்தையோட வாசலுக்கு வந்து பார்த்தேன். போகலை. கிணத்தடியில உட்கார்ந்துட்டு வந்தா.

அவ சொன்னதை அப்படியே எழுதிட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

லாம்பெர்ட்


ஜார்ஜ்டவுன்
5 மே 1998

லாம்பெர்ட்,

நேத்து சொல்லிட்டேன்.

உன் பொண்டாட்டி சொன்ன வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். உன் பிள்ளை கதையைச் சொல்லி அவங்களை அழ வெச்சு, நான் நல்லவளா எழுந்து வரலாம்னு பார்த்திருக்கேன். என்னைப் பார்க்காமலே, அங்க ஊர்ல இருந்துக்கிட்டே அவ கண்டுபிடிச்சுட்டா.

கூட்டம் ஆரம்பிச்சதும், "போன தடவை நான் பொய் சொன்னேன்"னேன். அப்படியே ஆரம்பிச்சேன், வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நான் மொருக்கா ஊர்க்காரி, அரவாக் பழங்குடி, எங்கப்பா பேரு கிளெமென்ட் டோரெஸ், என் தம்பி பிறந்தப்ப ஒன்பது நாள் தூளியில படுத்திருந்தாரு, நான் கஞ்சி கொண்டு போனேன், டீச்சரம்மா சிரிச்சாங்க, எல்லாம் சொன்னேன். லாம்பெர்ட் இக்னேஸ் எடுக்காதது பதட்டத்தால இல்லை, அவரு ஒரு அப்பா, குழந்தைக்கு மூணாம் நாள், அவ்வளவுதான், அதுக்கு மேல கேட்காதீங்கன்னேன்.

மிஸ் கோர்பின், "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்"னாங்க. "தெரியும், நானும் விளையாட்டுக்குத்தான் சிரிச்சேன்"னேன். அவங்க அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. பாவம், அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை.

முதல்வர், "சிஸ்டர், நீங்க இதை நம்பறீங்களா?"ன்னு கேட்டாங்க. "நம்பறேனான்னு எனக்கே தெரியாது மேடம். ஆனா எங்கப்பா அன்னிக்கு எழுந்து கோடாலியை எடுத்திருந்தா எங்கம்மா பயத்துலயே பால் வத்திப் போயிருப்பாங்க. அது தெரியும்"னேன்.

இதோட விட்டிருந்தா நான் நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "அப்படின்னா போன வருஷம் போன ரெண்டு பொண்ணுங்க?"ன்னு கேட்டாங்க.

அதுவும் எனக்குத் தெரியும் லாம்பெர்ட். ஒருத்தி, ஃப்ளோரின், வார்டுல இறந்துபோன கிழவியைத் துடைச்சு அனுப்பினா. செத்தவங்களைத் தொட்ட கையால மூணு நாள் சாப்பிடக்கூடாதுன்னு பட்டினி கிடந்து மயங்கி விழுந்தா. யாராவது ஒருத்தர் ஊட்டி விட்டிருந்தா போதும், அவங்க ஊர்ல அப்படித்தான். எனக்குத் தெரியும். போய் ஊட்டலை. அவ கிளம்பினதும் மத்தவளும் கூடவே போயிட்டா. பதிவேட்டுல ரெண்டு பேருக்கும் "வீட்டு ஏக்கம்"னு எழுதிட்டு மூடிட்டேன். அதையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், வரலை.

உன் பேரை அடிக்க எழுதின தாளைக் கிழிச்சுட்டாங்க. மறுதேர்வு இந்த மாசம் இருபத்திரண்டு, வெள்ளி, காலை எட்டரை. இனிமே குழந்தை பிறந்த அப்பாவுக்குக் கொடி விழற வரைக்கும் கூர்மையான வேலை கிடையாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. எந்த ஆளா இருந்தாலும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

என் நாற்காலி எனக்கு இருக்குமான்னு தெரியலை. யோசிச்சுச் சொல்றேன்னிருக்காங்க. இருக்கறவரைக்கும் ஃப்ளோரினுக்கும் மற்றவளுக்கும் எழுதணும். தாளை எடுத்து வெச்சிருக்கேன், ஒரு வரி ஓடலை.

மழை பிடிக்கறதுக்குள்ள கிளம்பு. ஆத்துல தண்ணி ஏறிட்டா லாரி அக்கரையிலயே நின்னுரும். எனக்காக வராதே. என்னை மன்னிக்கச் சொல்லியும் இனி கேட்கலை.

இனெஸ் டோரெஸ்


மராப்பாய்
11 மே 1998

சிஸ்டர்,

பதினைஞ்சாம் தேதி லாரியில வரேன். குழந்தைக்குச் சளி பிடிச்சிருந்துச்சு, இப்பப் பரவாயில்லை. ஜஸ்டீனாவுக்கு நான் கிளம்பறதுல அரை மனசு, அவங்கம்மாவுக்கு முழு மனசு. "போய் ஊசி போடு, இங்க தூளியில கிடந்தது போதும்"னு எல்லார் முன்னாலயும் சொல்லி மானத்தை வாங்கறாங்க.

ஃப்ளோரின் ஊரு எனக்குத் தெரியும், லாரி போற வழியில இறங்கி ரெண்டு மணி நேரம் நடக்கணும். என்னைப் போகச் சொல்லாதீங்க. நான் போய்ச் சமாதானம் பேசினா உங்க வேலை சுலபமாயிரும். உங்க கையாலயே எழுதுங்க, எனக்கு நான் சிரிச்சேன்னு எழுதின மாதிரி, முதல் வரியிலயே நான் ஊட்டலைன்னு எழுதுங்க. மத்ததெல்லாம் தானா வரும்.

என் கோபம் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். போகலை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அந்தச் சிரிப்பு காதுல கேட்குது, நான் நேர்ல கேட்காத சிரிப்பு. எனக்கும் வெட்கம் போகலை, ஊர்ல எத்தனை அப்பனுங்களைப் பார்த்து நான் சிரிச்சிருக்கேன். நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேராப் பார்க்கக் கொஞ்ச நாளாகும்.

ஆனா ஒண்ணு செய்யுங்க. இருபத்திரண்டாம் தேதி நீங்க அந்த அறையில இருக்கணும். வாசல்ல இல்லை, உள்ள, மிஸ் கோர்பினுக்குப் பக்கத்து நாற்காலியில. நான் தட்டு முன்னால வந்து நிக்கும்போது யாராவது சிரிச்சா, நான் மருந்துக் குப்பியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். நீங்க அவங்களைப் பாருங்க.

லாம்பெர்ட் இக்னேஸ்